ஒருவரும் வேடிக்கை பார்க்காத மாலை: வாசகர் கேள்வி – பதில்

வீட்டுக்கு நண்பர்களை அழைத்துப் பலகை ஆட்டங்கள் ஆடுவது பற்றி டர்பன் வட்டாரத்திலிருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியாவிலிருந்தும் வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். பல கடிதங்களிலும் ஒரே குறைதான் தலைகாட்டுகிறது: நாலு பேர் ஆட, மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அதைத் தவிர்க்கும் வழிகளுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எட்டுப் பேர் வருகிறார்கள். பத்து மணிக்கு எல்லோரும் கிளம்ப வேண்டும். வீட்டில் கேரம், கட்டான், கார்கசோன், தாயக்கட்டம் இருக்கின்றன. எதை எப்போது எடுப்பது?
– வாசகி, சாட்ஸ்வர்த்

எட்டுப் பேரையும் ஒரே ஆட்டத்தில் உட்கார வைக்காதீர்கள். ஒருவர் தன் முறைக்கு இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டால், மறுபடி அவர் முறை வருவதற்குப் பதினாலு நிமிடம் ஆகும். அதற்குள் கைபேசி வெளியே வந்துவிடும். நாலு நாலு பேராக இரண்டு மேசை போட்டால் காத்திருப்பு ஆறு நிமிடம்தான்.

ஆறு மணி என்றால் எல்லோரும் ஆறுக்கே வந்து சேர மாட்டார்கள். அதனால் முதலில் கேரம் பலகையை எடுத்துப் போடுங்கள். முதலில் வந்த இருவர் தொடங்கலாம், அடுத்து வருகிறவர் அடுத்த போர்டில், அதாவது அடுத்த சுற்றில், சேரலாம். விதி சொல்லித்தர வேண்டியதில்லை, பாதியில் நிறுத்தினாலும் யாருக்கும் வருத்தமில்லை. ஆறே முக்காலுக்குச் சாப்பாடு. அரை மணி கழித்து இரண்டு மேசை. பொருள் சேர்த்து வீடும் நகரமும் கட்டும் கட்டானுக்கு மூன்று அல்லது நாலு பேர் வேண்டும். பெட்டியில் அறுபது முதல் தொண்ணூறு நிமிடம் என்று போட்டிருந்தாலும், புதியவர் ஒருவர் இருந்தால் விளக்கும் நேரத்தையும் சேர்த்து இரண்டு மணி ஒதுக்குங்கள். கார்கசோன் இரண்டு முதல் ஐந்து பேருக்கானது, 72 சதுர அட்டைகள், நாலு பேருக்கு ஒரு மணிக்குள் முடியும். அந்த மேசை முன்னதாக முடித்துவிட்டால் கேரமுக்குப் போகட்டும், கட்டான் மேசையைச் சுற்றி நிற்கக் கூடாது. சுற்றி நிற்கிறவர்கள் யோசனை சொல்ல ஆரம்பித்தால் ஆடுகிறவருக்கு ஆட்டமே இல்லாமல் போகும்.

ஒன்பதேகாலிலிருந்து கடைசி அரை மணி எட்டுப் பேரும் மறுபடி ஒன்றாக. அதற்கு ஏற்ற சொல் விளையாட்டு ஒன்றைக் கீழே மெர்பேங்க் வாசகருக்கான பதிலில் சொல்லியிருக்கிறோம். நீளமான ஆட்டம் எதையும் எட்டரைக்கு மேல் தொடங்க வேண்டாம்.

விதிகளை விளக்கத் தொடங்கினால் பத்து நிமிடத்தில் பாதிப் பேர் கவனத்தை விட்டுவிடுகிறார்கள். எப்படிச் சொல்வது?
– வாசகர், டோங்காட்

முதல் வாக்கியத்திலேயே எப்படி ஜெயிப்பது என்று சொல்லிவிடுங்கள். “பத்துப் புள்ளியை முதலில் எட்டுகிறவர் வெற்றி. வீடு ஒன்றுக்கு ஒரு புள்ளி, நகரத்துக்கு இரண்டு” என்பது கட்டானுக்குப் போதுமான தொடக்கம். அடுத்து, ஒருவர் தன் முறையில் செய்கிற காரியங்களை வரிசையாகச் செய்தே காட்டுங்கள்: பகடை உருட்டுவது, பொருள் எடுப்பது, பண்டமாற்று, கட்டுவது. மூன்றாவது, ஆட்டம் எப்போது முடியும். இவ்வளவு தெரிந்தால் தொடங்கிவிடலாம். முதல் சுற்றை எல்லோரும் சீட்டைத் திறந்து வைத்து ஆடினால் பாதிச் சந்தேகம் கேட்காமலே தீரும்.

சிறு விதிவிலக்குகளை அந்தந்த இடம் வரும்போது சொன்னால் போதும். ஆனால் ஒருவருக்கு நஷ்டம் உண்டாக்கும் விதியை மட்டும் ஒத்திப்போடாதீர்கள். கட்டானில் ஏழு விழுந்தால், கையில் ஏழு சீட்டுக்கு மேல் வைத்திருப்பவர் பாதியை இழக்க வேண்டும். ஒருவர் பத்துச் சீட்டு சேர்த்த பிறகு இதைச் சொன்னால், ஏமாற்றிவிட்டதாகத்தான் அவருக்குத் தோன்றும், அதில் நியாயமும் உண்டு.

விளக்குகிறவர் விருந்தினர் வருவதற்கு முன்பே பலகையை அடுக்கி முடித்திருக்க வேண்டும். கட்டானின் 19 அறுகோண வில்லைகளையும் எண்களையும் எல்லோரும் பார்த்திருக்க அடுக்கினால் பத்து நிமிடம் வீண். ஆட்டத்தின் நடுவே சந்தேகம் வந்தால் விதிப் புத்தகத்தை இரண்டு நிமிடம் புரட்டுங்கள். கிடைக்காவிட்டால் எல்லோருமாக ஒரு முடிவெடுத்து, அன்று முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

தாயக்கட்டத்தில் தாயம் விழாமல் ஒருவர் அரை மணி நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தார். எங்கள் பித்தளைத் தாயக்கட்டை சரியில்லையா?
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

கட்டை சரியாகத்தான் இருக்கும், கணக்கே அப்படி. ஒவ்வொரு கட்டையிலும் நாலு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. இரண்டையும் சேர்த்து உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். தாயம் என்பது ஒன்றில் வெறுமை, மற்றதில் ஒன்று. பதினாறில் இரண்டே வழி, அதாவது எட்டில் ஒன்று. ஐந்துக்கும் இரண்டு வழி. ஆறுக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று. மறு ஆட்டம் தரும் இந்த நாலும் சேர்ந்தே பதினாறில் ஆறுதான். அடிக்கடி விழுவது மூன்று, அதற்கு நாலு வழி.

இதன் விளைவைப் பாருங்கள். தாயம் போட்டால்தான் காய் இறங்கும் என்ற விதியில், பத்து முறை உருட்டியும் தாயம் காணாதவர் ஏறக்குறைய நாலில் ஒருவர். நாலு பேர் ஆடினால் யாராவது ஒருவருக்கு இப்படி ஆவது சாதாரணம். பெரியவர்கள் வீட்டில் நாள் முழுக்க ஆடியபோது அது பொருட்டில்லை. இரண்டு மணி நேர மாலைக்கு அது கொடுமை.

நாங்கள் பரிந்துரைப்பது: முதல் காய் மட்டும் தாயத்துக்கும் ஐந்துக்கும் இறங்கலாம், அடுத்த காய்களுக்குத் தாயமே வேண்டும். அப்போது வாய்ப்பு நாலில் ஒன்றாகிறது. பத்து முறை உருட்டியும் இறங்காதவர் நூற்றில் ஆறு பேருக்குக் குறைவு. ஆட்டத்தின் காரமும் குறையாது. எல்லாக் காய்க்கும் ஐந்தை அனுமதிக்காதீர்கள். கட்டத்தில் நெரிசல் கூடி வெட்டு மலிந்துபோகும்.

வெட்டு இல்லாமல் உள்கட்டத்துக்குப் போகலாமா என்பதையும் முதல் உருட்டலுக்கு முன்பே பேசி முடியுங்கள். ஊருக்கு ஊர் மாறும் விதி அது. சண்டை பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

கட்டையை உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்து உருட்டிவிட வேண்டும். கீழே மெத்தென்ற கம்பளம் இருந்தால் உருளாமல் வைத்த பக்கமே நிற்கும், பாயோ பலகையோ நல்லது. இந்த நீளக் கட்டை தொலைந்துபோனால் இரண்டு சாதாரணப் பகடை போதும். நாலு விழுந்தால் வெறுமை என்று வையுங்கள், ஐந்தும் ஆறும் விழுந்தால் அந்தப் பகடையை மட்டும் மறுபடி உருட்டுங்கள். கணக்கு மாறாது.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் எங்கள் கேரம் பலகையில் காய் ஓடவே மாட்டேன் என்கிறது. பவுடர் எவ்வளவு போட்டாலும் பயனில்லை.
– வாசகர், ஐசிப்பிங்கோ

பவுடரைக் கூட்டியதால்தான் இன்னும் மோசமாகியிருக்கும். டர்பன் கோடையின் ஈரக் காற்றில் அதிகப் பவுடர் திரண்டு பலகையில் படலமாக ஒட்டிக்கொள்ளும், காய் அதில் உரசி நிற்கும். முதலில் உலர்ந்த பருத்தித் துணியால் பலகையையும் காய்களின் இரண்டு முகங்களையும் சுத்தமாகத் துடையுங்கள். தண்ணீர் தொட்ட துணி கூடாது. பிறகு கால் தேக்கரண்டிக்கு மேற்படாமல் போரிக் பவுடரைத் தூவி, துணியால் முழுப் பரப்பிலும் பரப்புங்கள். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தால் அது அதிகம். முகத்துக்குப் போடும் வாசனைப் பவுடர் சீக்கிரம் திரளும், வேண்டாம். போரிக் பவுடர் வயிற்றுக்குள் போகக் கூடாதது. ஆடிவிட்டுக் கை கழுவிய பிறகுதான் வடையும் சமோசாவும். விரலை வாயில் வைக்கும் சின்னக் குழந்தைகள் ஆடும்போது பவுடரே இல்லாமல் ஆடட்டும்.

துடைத்த பிறகும் காய் ஒரே பக்கமாக ஒதுங்கினால் பலகை வளைந்திருக்கிறது. நீளமான இரும்பு அளவுகோலைப் பரப்பின் மேல் நிமிர்த்தி வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். மேல்பக்கம் மெருகு பூசியிருக்கும், அடிப்பக்கம் பல பலகைகளில் வெறும் மரம். அந்த அடிப்பக்கம் ஈரத்தை இழுத்து விரிய, மேல்பக்கம் விரியாமல் நிற்க, பலகை வளைகிறது. குளிர்காலத்தில் நன்றாகக் காய்ந்து நேரானதும் அடியிலும் இரண்டு கை வார்னிஷ் பூசிவிடுங்கள். சுவரில் சாய்த்து வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். படுக்கையாக வைக்க வேண்டும், அல்லது நேர் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு: பன்னாட்டுப் போட்டி அளவில் ஆடும் பரப்பு 73.5 முதல் 74 சென்டிமீட்டர் சதுரம், ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது, காய் ஒன்று 5 முதல் 5.5 கிராம். சிறுவர் பலகைகள் இதைவிடச் சின்னவை. அவற்றுக்கு 15 கிராம் ஸ்ட்ரைக்கரைப் பயன்படுத்தினால் காய்கள் சட்டத்தைத் தாண்டிப் பறக்கும்.

கூட்டம் அதிகமாக இருந்தால் 25 புள்ளி வரை ஆடாமல், ஒரு போர்டு முடிந்ததும் தோற்ற ஜோடி எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். அதே ஜோடி மூன்று போர்டு ஜெயித்தாலும் எழுந்துவிட வேண்டும். இந்த இரண்டாம் பாதியைச் சொல்லாமல் விட்டால் நன்றாக ஆடுகிற இருவர் மாலை முழுக்கப் பலகையை விடமாட்டார்கள்.

மோனோப்பொலி எங்கள் வீட்டில் நாலு மணி நேரத்துக்கும் குறைந்ததில்லை. இடையில் திவாலான பிள்ளைகள் அழுகிறார்கள்.
– வாசகி, பீனிக்ஸ்

அச்சிட்ட விதியில் இல்லாத இரண்டு பழக்கங்கள் உங்கள் வீட்டிலும் இருக்கும். ஒன்று, அபராதப் பணத்தை நடுவில் குவித்து, ‘இலவச நிறுத்துமிடம்’ கட்டத்தில் நிற்கிறவருக்குக் கொடுப்பது. விதிப்படி அந்தக் கட்டத்தில் ஒன்றுமே கிடைக்காது. வெளியே போக வேண்டிய பணம் திரும்பத் திரும்ப உள்ளே வருவதால்தான் யாரும் திவாலாகாமல் ஆட்டம் இழுக்கிறது. இரண்டு, ஒருவர் நின்ற இடத்தை வாங்க மறுத்தால் அப்படியே விட்டுவிடுவது. விதிப்படி அதை உடனே ஏலம் விட வேண்டும், மறுத்தவரும் கேட்கலாம். ஏலம் வந்தால் இடங்கள் சீக்கிரம் கைமாறி, கட்டடம் சீக்கிரம் எழும். வங்கியில் வீடுகள் 32, ஹோட்டல்கள் 12 மட்டுமே. தீர்ந்தால் தீர்ந்ததுதான், வேறு எதையாவது வைத்து ஈடுகட்டக் கூடாது.

அழுகைக்கு மருந்து கடிகாரம். தொண்ணூறு நிமிடத்துக்கு மணி வையுங்கள். மணி அடித்ததும் கைப்பணம், இடங்களின் விலை, கட்டடங்களுக்குக் கொடுத்த விலை எல்லாவற்றையும் கூட்டுங்கள். கூடுதல் உள்ளவர் வெற்றி. பெரும்பாலும் அதற்குள் ஒருவர்கூட வெளியேறியிருக்க மாட்டார். இவ்வளவும் செய்த பிறகும் எங்கள் கருத்து, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஆளை வெளியேற்றாத ஆட்டமே மேல்.

கட்டானில் என் எட்டாம் எண் மட்டும் விழுவதே இல்லை. முதல் வீடுகளை எங்கே வைப்பது?
– வாசகர், லெனேசியா

இரண்டு பகடையையும் கூட்டினால் வரும் எண்ணுள்ள வில்லைதான் பொருள் தரும். எட்டு விழ 36-இல் ஐந்து வாய்ப்பு. பதினைந்து உருட்டலில் ஒருமுறைகூட எட்டு வராமல் போவது பத்துக்கு ஒரு தடவை நடக்கும். ஆகவே பகடையைக் குறை சொல்லாமல், ஒரே எண்ணை நம்பாமல் இருங்கள். ஒவ்வொரு எண்ணின் கீழும் உள்ள புள்ளிகள் அதன் வாய்ப்பைச் சொல்கின்றன: ஆறுக்கும் எட்டுக்கும் ஐந்து, ஐந்துக்கும் ஒன்பதுக்கும் நாலு, இரண்டுக்கும் பன்னிரண்டுக்கும் ஒன்றே ஒன்று. முதல் வீடு தொடும் மூன்று வில்லைகளின் புள்ளிகளைக் கூட்டுங்கள். பத்துக்கு மேல் வந்தால் நல்ல இடம். இரண்டாவது வீட்டை முதல் வீட்டில் இல்லாத எண்களில் வையுங்கள். 6, 6, 8 என்பதைவிட 6, 5, 9, 10 என்று பரந்திருப்பது மேல்.

பொருளில், கோதுமை கட்டாயம் வேண்டும். வீட்டுக்கும் நகரத்துக்கும் வளர்ச்சிச் சீட்டுக்கும் மூன்றுக்கும் அது தேவை. நகரத்துக்குத் தாது மூன்று, கோதுமை இரண்டு. செங்கல்லும் மரமும் முதல் அரை மணியில் விலை உயர்ந்தவை, பிறகு அவற்றை யாரும் கேட்க மாட்டார்கள்.

புதியவர் இருக்கும் மேசையில் ஒரு விதி சேர்த்துக்கொள்ளலாம்: இரண்டே புள்ளியில் நிற்கிறவரின் வில்லை மேல், அதைப் பொருள் தராமல் முடக்கும் கொள்ளைக்காரன் காயை வைக்கக் கூடாது. தொடக்கத்திலேயே முடங்கிப்போனவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

ஆயா, தாத்தாவுக்குத் தமிழ் நன்றாக வரும், பேரப்பிள்ளைகளுக்குக் கொஞ்சம்தான். எல்லோரும் சேர்ந்து ஆட ஏதாவது உண்டா?
– வாசகர், மெர்பேங்க்

உண்டு. 2015-இல் விளாடா குவாட்டில் வடிவமைத்த கோட்நேம்ஸ் என்ற ஆட்டத்தின் அமைப்பைத் தமிழ்ச் சொற்களைக் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கனமான அட்டையில் நூறு சீட்டு வெட்டி, சீட்டுக்கு ஒரு பெயர்ச்சொல் பெரிய எழுத்தில் எழுதுங்கள், எழுத்துத் தெரியாத பிள்ளைகளுக்காகக் கீழே ஆங்கில எழுத்திலும். இரண்டு பொருள் தரும் சொற்கள் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு சுவை: மாலை, ஆறு, நூல், கால், படி, திங்கள், மதி, தலை. டர்பன்காரர்களுக்கு உடனே பிடிபடும் கரும்பு, கப்பல், காவடி, துறைமுகம் போன்றவற்றையும் கலந்துவிடுங்கள்.

ஒரு ஆட்டத்துக்கு 25 சீட்டு, ஐந்துக்கு ஐந்தாகப் பரப்ப வேண்டும். எந்தச் சீட்டு எந்த அணிக்கு என்று காட்டும் இருபது சாவிகளைக் கட்டம் போட்ட தாளில் ஐந்துக்கு ஐந்தாக வரைந்துவையுங்கள்: 9 கட்டம் முதலில் ஆடும் அணிக்கு, 8 மற்ற அணிக்கு, 7 பொது, 1 கறுப்பு. ஒவ்வொரு சாவியையும் நாலு பக்கமும் திருப்பலாம் என்பதால் இருபதே எண்பதாகும். அணிக்கு ஒரு தலைவர். சாவியைப் பார்ப்பவர்கள் அந்த இருவர் மட்டும். தலைவர் ஒரு சொல்லும் ஒரு எண்ணும் சொல்வார். “வெள்ளம், இரண்டு” என்றால் ஆறும் கப்பலுமாக இருக்கலாம். அணியினர் அந்த எண்ணைவிட ஒன்று கூடுதலாக ஊகிக்கலாம், தவறியதும் முறை மாறும். கறுப்பைத் தொட்ட அணி அங்கேயே தோற்றது.

தமிழில் ஆடும்போது ஒரு விதி கூடுதலாக வேண்டும். ‘மாலை’ மேசையில் இருக்கையில் ‘மாலையில்’, ‘மாலைநேரம்’ என்று குறிப்புக் கொடுக்கக் கூடாது. வேற்றுமை உருபு ஒட்டியதும் கூட்டுச் சொல்லும் அதே சொல்லாகவே எண்ணப்படும். பெரியவர் ஒருவரும் சிறியவர் ஒருவரும் ஒவ்வொரு அணியிலும் இருக்கட்டும். தாத்தாவைத் தலைவராக்குங்கள், ஊகம் பிள்ளைகளுடையதாக இருக்கட்டும்.

பக்கத்து வீட்டு ஜூலு நண்பர்கள் ஆடும் மொராபராபாவை எங்கள் பிள்ளைகளுக்கும் கற்றுத்தர விரும்புகிறேன். பலகை வாங்க வேண்டுமா?
– வாசகி, வெருலம்

வேண்டாம், வரைந்துகொள்ளலாம். உங்கள் நண்பர்கள் அதை உம்லபலபா என்றும் சொல்வார்கள். முப்பது சென்டிமீட்டர் அட்டையில் ஒன்றுக்குள் ஒன்றாக 28, 18, 8 சென்டிமீட்டர் சதுரங்கள். மூன்றின் மூலைகளையும் கோட்டால் இணையுங்கள், பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் அப்படியே. நடுச் சதுரத்துக்குள் கோடு கிடையாது. இப்போது 24 புள்ளிகள். ஆளுக்குப் பன்னிரண்டு ‘மாடு’: ஒருவருக்கு சுகர் பீன்ஸ், மற்றவருக்குக் கொண்டைக்கடலை.

மாறி மாறி ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். ஒரே கோட்டில் அடுத்தடுத்து மூன்று சேர்ந்தால் எதிராளியின் ஒரு மாட்டை எடுக்கலாம். ஆனால் மூன்றாகச் சேர்ந்து நிற்கும் மாட்டைத் தொடக் கூடாது, அவரிடம் வேறு மாடே இல்லாவிட்டால் மட்டும் தொடலாம். ஒரே நகர்வில் இப்படி இரண்டு வரிசை சேர்ந்தாலும் எடுப்பது ஒன்றுதான், பலர் மறப்பது இதை. எல்லாம் வைத்த பிறகு பக்கத்துப் புள்ளிக்கு நகர்த்தலாம். மூன்றே மாடு எஞ்சியவர் எங்கு வேண்டுமானாலும் தாவலாம். இரண்டாகக் குறைந்தாலோ நகர வழியில்லாமல் போனாலோ தோல்வி. ஒரு மாடுகூட எடுபடாமல் 24 புள்ளியும் நிரம்பினால் சமன்.

துனீ சீட்டாட்டம் தொடங்கிவிட்டால் நாலு பேர் இரவு முழுக்க எழுவதில்லை. ஆடத் தெரியாத எங்களுக்கு எளிதாக ஒரு விளக்கம் வேண்டும்.
– வாசகி, கிளேர்வுட்

24 சீட்டு, ஆளுக்கு ஆறு, எதிரெதிரே ஜோடி. குழப்புவது சீட்டின் வரிசைதான்: ஜாக்கி பெரியது, அதற்கு 30. அடுத்து ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. மொத்தம் 304. இலங்கைத் தமிழரின் ‘முந்நூற்று நாலு’ ஆட்டத்திலும் இதே மதிப்புத்தான். துருப்பு வைக்காத ஜோடி, கடைசிப் பிடிக்கான (கடைசிச் சுற்றுச் சீட்டுகளை ஜெயித்ததற்கான) பத்துப் புள்ளியையும் சேர்த்து 105 எடுத்தால் அவர்களுக்கு வெற்றி. இல்லாவிட்டால் துருப்பு வைத்தவர்களுக்கு. ஒரு ‘பால்’ என்பது இந்த வெற்றியின் கணக்கு. வழக்கமாகப் பன்னிரண்டு பால் வரை ஆடுவதால் நேரம் போகிறது. நண்பர்கள் கூடும் நாளில் ஆறு பாலோடு நிறுத்தி, தோற்ற ஜோடி எழுந்துகொள்ளட்டும். கற்றுக்கொள்கிறவர் அந்த இடத்தில் உட்காரட்டும்.

பிரியாணி சாப்பிட்ட கையோடு சீட்டைத் தொடுகிறார்கள். விருந்தினரை எப்படித் தடுப்பது?
– வாசகி, ஸ்டாங்கர்

தடுக்க வேண்டாம், இடத்தைப் பிரியுங்கள். பிரியாணியும் தாலும் ஆட்டத்துக்கு முன், தனி மேசையில். ஆட்ட மேசையில் எண்ணெய் படாதவை மட்டும்: வறுத்த வேர்க்கடலையைக்கூடக் கிண்ணத்தில் கரண்டியோடு வையுங்கள். ஈரத் துணி ஒன்று, உலர்ந்த துணி ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில். கோப்பைகளை மேசைக்குப் பதில் பக்கத்து முக்காலியில் வையுங்கள். அடிக்கடி ஆடும் சீட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போடலாம். சாதாரணச் சீட்டு 63-க்கு 88 மில்லிமீட்டர், சீட்டை அளந்துவிட்டு வாங்குங்கள். ஏற்கெனவே பிசுக்கு ஏறிய சீட்டை உறையில் போடாதீர்கள், உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். முதலில் உலர்ந்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, ஒரு நாள் காற்றாட வைத்த பிறகு போடுங்கள்.